முதல் நாளே முகம் பளபளத்தா சந்தேகப்படுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடை மாறாம, படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)



2025 ஜூன் மாசம் எல்லார் ஃபோன்லயும் ஒரு ஊர் பேரு ஓடிச்சே, ஞாபகம் இருக்கா? கூமாப்பட்டி. எங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துல, வத்திராயிருப்பு தாலுகா, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். பக்கத்துலயே பிளவக்கல் அணை. அந்த ஊர்த் தம்பி ஒருத்தர் தண்ணிக்குள்ள நின்னு, எங்க ஊருக்கு வாங்கன்னு கூப்பிட்டு போட்ட ரீல் பிச்சுக்கிட்டுப் போச்சு. சனம் வண்டி கட்டிக் கிளம்பிருச்சு. ஆனா அணையில குளிக்க அனுமதி இல்லைன்னு அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாப் போச்சு.

ஊர் பொய்யில்ல. மலை நிஜம், தண்ணி நிஜம், அந்தத் தம்பியோட ஊர்ப்பாசமும் நிஜம். ஆனா ரீல்ல தெரிஞ்சது ஒரு நாள், ஒரு ஓரம், ஒரு வெளிச்சம். மத்த நாள் எப்படி இருக்கும்னு அதுல தெரியாது.

இன்னைக்கு நம்ம டாபிக் ஸ்கின்கேரும் மேக்கப்பும். புதுசா ஒரு சீரம், ஒரு க்ரீம், ஒரு சன்ஸ்க்ரீன் வந்தா எப்படி ட்ரை பண்றது, நல்லதா கெட்டதான்னு எப்படி முடிவு பண்றது? கூமாப்பட்டி போய் ஏமாந்தா பெட்ரோல் காசு போகும், அவ்வளவுதான். க்ரீம் விஷயத்துல ஏமாந்தா கிட்னி வரைக்கும் போகும். மிகைப்படுத்திச் சொல்லல, வர்றேன் அதுக்கு.

ரீல்ல எது தெரியும், எது தெரியாது?

ஒரு ரிவ்யூ ரீல்ல சில விஷயம் நல்லாவே தெரியும். க்ரீம் கெட்டியா, தண்ணியா? லிப்ஸ்டிக் என்ன கலர்? பம்ப் ஒழுங்கா வேலை செய்யுதா? இதுக்கெல்லாம் ரீல் பாக்கலாம், தப்பே இல்ல.

தெரியாதது, நாள் கணக்கு. நம்ம தோலோட மேல் அடுக்கு புதுசாக ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். அதனால நியாசினமைடு, வைட்டமின் சி, ரெட்டினால் இதெல்லாம் வேலை செய்யுதான்னு நாலு வாரத்துக்கு முன்னாடி சொல்லவே முடியாது. பரு வந்த தழும்பு, கரும்புள்ளின்னா 8ல இருந்து 12 வாரம். சன்ஸ்க்ரீன் இன்னும் மோசம். அது வேலை செஞ்சா கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. கருக்க வேண்டிய இடம் கருக்காம இருக்கும், அதுதான் ரிசல்ட்டே. இதை 30 செகண்ட்ல எப்படிக் காட்டுவாங்க?

இன்னொண்ணு. காசு வாங்கியோ, ஓசியில பொருள் வாங்கியோ பேசினா அதை பதிவுலயே சொல்லணும்னு இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021ல விதிமுறை கொண்டு வந்துச்சு. மூலையில பொடி எழுத்துல 'பெய்டு பார்ட்னர்ஷிப்'னு இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா அது விளம்பரம். விளம்பரத்தை விளம்பரமா பாருங்க, கோவப்பட வேண்டாம்.

ஒரு வாரத்துல வெள்ளையாக்குற க்ரீம்

இப்ப மெயின் மேட்டர். நான் இன்னைக்குச் சொல்ல வந்ததே இதுதான்: ரொம்ப வேகமா வேலை செய்யுற க்ரீமைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

ஏன்னா முகத்தை ஒரு வாரத்துல பளிச்சுன்னு ஆக்குறதுக்கு ரெண்டு குறுக்கு வழி இருக்கு. ஒண்ணு பாதரசம், இன்னொண்ணு ஸ்டீராய்டு.

பாதரசம் மெலனின் உருவாகுறதைத் தடுக்கும். அதனால தோல் வெளுக்கும். ஆனா அது தோல் வழியா ரத்தத்துல கலந்து கிட்னியில போய் உக்காரும். நம்ம மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல ஒரு தனியார் மருத்துவமனை டாக்டர்கள் இதைக் கண்டுபிடிச்சாங்க. 2021 ஜூலையில இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் ஒரு குறிப்பிட்ட வகை கிட்னி நோயோட 22 பேர் வந்தாங்க. அதுல 15 பேருக்கு நெல்-1ங்குற ஒரு அரிய அடையாளம் இருந்துச்சு. அந்த 15 பேர்ல 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவங்க. டாக்டர்கள் இதை மருத்துவ இதழ்லயும் எழுதினாங்க. நல்ல செய்தி என்னன்னா, க்ரீமை நிறுத்தினதும் பெரும்பாலானவங்களுக்கு உடம்பு தேறுச்சு. 2023ல கேரள அரசும் 'ஆபரேஷன் சௌந்தர்யா'ன்னு கடை கடையா சோதனை போட்டுச்சு.

இந்தியாவுல 2020 அழகுசாதனப் பொருள் விதிகள்படி, முகத்துக்குப் போடுற க்ரீம்ல தெரியாம கலந்த பாதரசம் கூட 1 பிபிஎம் தாண்டக் கூடாது. அதாவது ஒரு கிலோ க்ரீம்ல 1 மில்லிகிராம். வேணும்னே சேக்கறது சுத்தமா தடை.

அடுத்தது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன்னு பேரு இருக்கும். இது மருந்து. டாக்டர் பாத்து, இத்தனை நாள்னு சொல்லிக் குடுக்க வேண்டியது. ஆனா 'நைட் க்ரீம் குடுங்க'ன்னு கேட்டா சில மெடிக்கல்ல எடுத்து நீட்டிடுறாங்க. போட்ட நாலாவது நாளே சிவப்பு குறையும், முகம் மழமழன்னு ஆகும். ரெண்டு மூணு மாசம் போனா தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் தெரிஞ்சு, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினா எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்து திரும்பப் போடுவாங்க. இந்தியத் தோல் டாக்டர்கள் இந்த முகத்துக்குத் தனியா ஒரு நோய்ப் பேரே வச்சிருக்காங்க. 2018ல மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாம விக்கக் கூடாத பட்டியல்ல சேத்துச்சு. ஏற்கெனவே பல மாசமா போட்டுட்டு இருக்கீங்கன்னா, நீங்களா பட்டுன்னு நிறுத்தாம தோல் டாக்டரைப் பாருங்க.

டப்பாவைத் திருப்பிப் பாருங்க

ஃபேன்சி ஸ்டோர்ல ஒரு க்ரீமைக் கையில எடுத்தா முன்பக்கம் பேசுறதை விடுங்க, பின்பக்கம் பாருங்க. தயாரிச்சவர் பேரு, முழு முகவரி, தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எந்த மாசத்துக்குள்ள யூஸ் பண்ணணும், என்னென்ன கலந்திருக்கு — இதெல்லாம் இருக்கணும். ரொம்பச் சின்ன பேக்குக்கு மட்டும் சில விலக்கு உண்டு. வெளிநாட்டுப் பொருள்னா இங்க இறக்குமதி செஞ்சவர் முகவரியும் பதிவு நம்பரும் வேணும். 'ஃபாரின்ல இருந்து மாமா கொண்டு வந்தார்', 'இன்ஸ்டாவுல ஒரு அக்கா வீட்டுலயே செஞ்சு குடுக்குறாங்க', இதுக்கெல்லாம் பின்பக்கமே இருக்காது. நாளைக்கு முகம் வெந்துச்சுன்னா யார்கிட்ட போய்க் கேப்பீங்க?

ஒரு துப்பு சொல்றேன். 'தங்கம், வெள்ளி, அலுமினியத்துல படாம பாத்துக்கோங்க'ன்னு ஒரு க்ரீம்ல எழுதியிருந்தா அப்படியே கீழ வச்சுட்டு வந்துருங்க. பாதரசம் அந்த உலோகங்களோட சேர்ற குணம் உள்ளது. கலோமெல், மெர்க்குரிக்னு பேரு இருந்தாலும் அதேதான்.

பால்கோவாவுக்கு ஒரு நியாயம், முகத்துக்கு ஒரு நியாயமா?

எங்க ஊர் பால்கோவா, 2019ல புவிசார் குறியீடு வாங்கினது, அதை வாங்கப் போனாலே நம்ம என்ன செய்வோம்? விரல் நுனியில கொஞ்சம் வாங்கி ருசி பாத்துட்டுத்தான் கால் கிலோ போடச் சொல்வோம். ஆனா 900 ரூபா சீரத்தை ருசி பாக்காமலே ஆர்டர் போட்டுடுறோம்.

சின்னதா வாங்கிப் பாக்குறதுல நம்ம தமிழ்நாட்டுக்குப் பெரிய வரலாறே இருக்கு. ஷாம்பூவை பாட்டில்ல இருந்து பாக்கெட்டுக்குக் கொண்டு வந்தவங்கள்ல முக்கியமானவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல சிக் ஷாம்பூ ஆரம்பிச்சார். கிராமத்துல பையன் ஒருத்தனுக்கு எல்லார் முன்னாடியும் தலைக்கு ஷாம்பூ போட்டு அலசிவிட்டு, 'முடியைத் தொட்டுப் பாருங்க'ன்னு சொல்லித்தான் வித்தாங்க. அதுவும் விளம்பரம்தான். ஆனா அங்க பாக்குறவங்க கையால தொட்டுப் பாக்க முடிஞ்சுது, ஒரு பாக்கெட் வாங்கி வீட்டுல போட்டுப் பாக்க முடிஞ்சுது. ரீல்ல அந்த வழி இல்ல.

சரி, எப்படி ட்ரை பண்றது? என் முறை இது.

முதல்ல சின்ன சைஸ். கிடைக்குற குட்டி பேக்கை வாங்குங்க.

ரெண்டாவது, முகத்துல போடுறதுக்கு முன்னாடி கையில போடுங்க. முழங்கையோட உள் மடிப்புல காசு அளவு இடத்துல, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, ஒரு வாரம். ஏன் ஒரு வாரம்? எரிச்சல் உடனே தெரிஞ்சுரும். அலர்ஜி அப்படி இல்ல, ரெண்டு நாள் கழிச்சுக் கூட வரும். கடையில கையில தடவி அஞ்சு நிமிஷம் பாக்குறது பத்தவே பத்தாது. சிவந்தா, அரிச்சா, கழுவிட்டு அந்தப் பொருளுக்கு டாட்டா.

மூணாவது, ஒரு நேரத்துல ஒரு புதுப் பொருள் மட்டும். க்ளென்சர், சீரம், க்ரீம் மூணையும் திங்கட்கிழமை ஆரம்பிச்சு வியாழக்கிழமை பரு வந்தா, யாரைக் குத்தம் சொல்வீங்க?

நாலாவது, ஃபோட்டோ. அதே ஜன்னல், அதே காலை நேரம், ஃபில்டர் இல்லாம, வாரத்துக்கு ஒண்ணு. நம்ம கண்ணு காசு செலவழிச்ச பொருளுக்குச் சாதகமாவே பேசும், ஃபோட்டோ பேசாது.

அஞ்சாவது, உங்க வெயில்ல பாருங்க. கொரியாக்காரங்க குளிர்ல ஏசி ரூம்ல பாராட்டுற க்ரீம், ஏப்ரல் மாச ராஜபாளையத்துல எண்ணெயா வழியும். அதே க்ரீம் பெங்களூர் ஆபீஸ்ல உக்காந்திருக்குற தங்கச்சிக்கு நல்லா இருக்கலாம். மில்லுல ஷிஃப்ட் பாக்குற அக்காவுக்கு வேர்வையும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து ஒட்டும். ரெண்டு பேரும் பொய் சொல்லல. ரிவ்யூ பண்றவங்க எந்த ஊரு, எந்த மாசம், என்ன தோலுன்னு கேளுங்க.

சன்ஸ்க்ரீனுக்கு ஒரு கணக்கு. எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீத புற ஊதா-பி கதிரைத் தடுக்கும், 50 சுமார் 98. வித்தியாசம் ஒரு சதவீதம்தான். ஆனா பட்டாணி அளவு தடவினா அந்த எண் கிடைக்கவே கிடைக்காது. ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்துக்குப் போடணும், வெளியில இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பவும். அதனால 70 எண்ணுக்குக் கூடுதல் காசு குடுக்குறதை விட, தாராளமா தடவ முடியுற விலையில ஒண்ணு வாங்குங்க. மாநிறத்துல வெள்ளைச் சாம்பல் பூசின மாதிரி தெரியுதான்னு வெளிச்சத்துல பாத்துக்கோங்க.

மேக்கப்புக்கு

ஃபவுண்டேஷன் ஷேடை கைப்புறத்துல போட்டுப் பாக்காதீங்க. தாடை ஓரத்துல ஒரு கோடு போட்டு, கடைக்கு வெளிய வந்து பகல் வெளிச்சத்துல, பத்துப் பதினஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாருங்க. சில ஷேடு காத்துப் பட்டதும் கருக்கும். 'ஒரு ஷேடு கம்மியா போடுங்க மேடம், கலரா தெரிவீங்க'ன்னா சிரிச்சுட்டு நகர்ந்துருங்க. டெஸ்டர் லிப்ஸ்டிக்கை நேரா உதட்டுல வைக்காதீங்க. மஸ்காரா திறந்து மூணு மாசம் ஆச்சுன்னா தூக்கிப் போடுங்க.

ஸ்டிக்கர் பொட்டையும் இதுல சேத்துக்கோங்க. சில பொட்டுப் பசையில பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால்னு ஒரு ரசாயனம் இருக்கும். அது பொட்டு வைக்குற இடத்தையே வெள்ளையாக்கிரும். அரிப்போ வெளுப்போ தெரிஞ்சா உடனே நிறுத்துங்க. 'இயற்கை'ன்னாலும் விதிவிலக்கு கிடையாது. எலுமிச்சைச் சாறு தடவிட்டு வெயில்ல போனா தோல் புண்ணாகிக் கருப்புத் தழும்பு விழலாம்.

மார்க் எதுக்குப் போடணும்?

கடைசியா ஒண்ணு. 1975ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020ல 'ஃபேர்'ங்குற வார்த்தையை எடுத்துட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடி, 2009லயே சென்னையில இருந்து விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்'னு பிரச்சாரம் ஆரம்பிச்சுது. டப்பாவுல வார்த்தை மாறிருச்சு. ஆனா கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்குற பொண்ணுகிட்ட 'கொஞ்சம் கலர் ஏத்து'ன்னு சொல்ற சித்தி, மதினி இன்னும் மாறல. அந்த ரெண்டு மாச அவசரத்தை நம்பித்தான் பாதரசமும் ஸ்டீராய்டும் விக்குது.

அதனால ஒரு பொருளுக்கு மார்க் போடும்போது 'எவ்வளவு வெளுத்தேன்'ங்குற கேள்வியையே எடுத்துருங்க. எரியலையா? வறட்சி குறைஞ்சுதா? பரு குறைஞ்சுதா? தினமும் போட மனசு வருதா? இந்த விலையில அடுத்த டப்பா வாங்க முடியுமா? இந்த அஞ்சும் போதும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டுல அம்மா, தங்கச்சி, அத்தைன்னு யார் என்ன க்ரீம் போடுறாங்களோ, அந்த டப்பாவெல்லாம் வாங்கிப் பின்பக்கம் படிங்க. முகவரி இல்லாதது, லைசென்ஸ் நம்பர் இல்லாதது ஒண்ணாவது சிக்கும்னு நினைக்குறேன். சிக்கினா திட்டாம எடுத்துச் சொல்லுங்க. அவங்களும் யாரோ நல்லா இருக்குன்னு சொன்னதை நம்பித்தான் வாங்கியிருப்பாங்க.

அடுத்த எபிசோட்ல தலைமுடி. அதுவரைக்கும், அவசரப்படாதீங்க மக்களே.