மலையேறுமுன் ஒரு சோதனை



யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களை இன்றும் காணலாம். 1990ஆம் ஆண்டுகளில் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அருகியபோது, மண்ணெண்ணெயில் ஓடி மக்களைச் சுமந்தவை அவை. உதிரிப்பாகம் கிடைத்தற்கரிய அக்காலம் பல வீட்டு முற்றங்களைக் கராச்சுகளாக்கியது. அத்திறமை போற்றத்தக்கது. ஆயினும், முற்றத்திற் பூட்டியதைச் சோதியாது நெடும்பயணம் புறப்படுதல் ஆபத்தாகும். டிபரன்சல் மாற்றத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பின்னச்சின் நடுவே பூசணிக்காய் போற் பருத்திருக்கும் கூட்டினுள் இருப்பதே டிபரன்சல். வளைவிலே வெளிச்சில்லு கூடிய தூரமும் உட்சில்லு குறைந்த தூரமும் ஓடவேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்திற் சுழலவிடுவது இதுவே. 948 சீசீ மொறிஸ் மைனரிலே பினியனுக்கு 9 பற்கள். கிரவுன் வீலுக்கு 41. 1962இல் வந்த 1098 சீசீ காரில் அது 38 ஆயிற்று. எஞ்சின் நெடுவீதியில் இலகுவாக ஓடட்டுமென்று, பின்னதைக் கழற்றி முன்னதிற் பூட்டுவோர் உளர்.

பூட்டியது எது என்பதை எண்ணியே அறியலாம். முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்னச்சை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கியரை விடுவிக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே புகலாகாது. இரு பின்சில்லுகளையும் ஒருசேர ஒரு சுற்றுச் சுற்றினால், நடுத்தண்டு நாலேகாலுக்குச் சற்றுக் குறையச் சுழலும். நாலரைக்குச் சற்று மேற் சுழன்றால், அது பழைய 41 பல்லே. கிரவுன் வீலும் பினியனும் ஒரே சோடியாயிருத்தல் அவசியம். கலந்து பூட்டினாற் பற்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

அடுத்து, மட்டமான தரையிலே கியர் ஒயில் வாய்த்துளை விளிம்புவரை நிற்கிறதா, தண்டின் நட்டுகள் இறுகியுள்ளனவா, கழற்றிய பிறேக் செவ்வனே பிடிக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

பின்னர், பாரமேற்றாது சில மைல் மெதுவாக ஓட்டி நிறுத்துக. கூட்டிலே கையின் புறத்தை மெல்ல வைத்துப் பார்க்க, இளஞ்சூடு இயல்பு. கை பொறுக்காத சூடு எச்சரிக்கை. முடுக்கும்போதோ விடும்போதோ ஊளை எழுந்தால், பற்களின் பொருத்தம் பிழை. சில நாட் சென்றபின் ஒயிலை வடித்துப் பார்த்தால், நுண்துகள் பொறுக்கத்தக்கது. இரும்புச் சில் காணின் மீண்டும் திறக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இம்மாற்றத்தின்பின் வேகமானி பொய் சொல்லும். முள் 50 மைல் காட்டும்போது கார் ஏறத்தாழ 54 மைல் வேகத்தில் ஓடும். ஏற்றத்தில் இழுவையும் குறையும்.

குடாநாடு சமதரை. பருத்தித்துறை வீதி இக்குறைகளை மறைத்து வைக்கலாம். ஆனால் கண்டி வீதியோ 321 கிலோமீற்றர். தம்புள்ளைக்கு அப்பால் மாத்தளை நோக்கி அது ஏறத் தொடங்கும். அங்கே, குடும்பத்தைச் சுமந்து செல்லும் காரிற் பல்லுடைந்து சில்லு இறுகினால் விளைவு என்னாகும்? ஒலியாலும் சூட்டாலும் இயந்திரம் முன்னறிவிப்புத் தருகின்றது. அதைக் கேட்க ஒரு வாரம் ஒதுக்குதல் காலவிரயம் ஆகாது.