ஒரு சிற்றூரும் அதனை நினைவுகூர்வோரும்

ஓர் ஊரை அறிவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அங்கே நேரிற் சென்று அதன் வீதிகளையும் வீடுகளையும் கண்ணாரக் காண்பது. மற்றையது, அங்கே பிறந்து வளர்ந்து பின்னர் அதனை விட்டு நீங்கியவர்கள் சொல்வதைச் செவிமடுப்பது. முதலாவது வழியிற் கிடைப்பது இன்றைய ஊர். இரண்டாவது வழியிற் கிடைப்பது இல்லாமற் போன ஊர். ஆனால், ஓரூரில் வாழ்ந்தவர்கள் அனைவரும் ஒரே ஊரைத்தான் நினைவிற் கொண்டிருக்கின்றார்களா? இக்கேள்விக்கு விடை தேடுவதற்காக இன்று உங்களை ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஒரு சிற்றூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

அவ்வூரின் பெயர் மொன்றோவில். அலபாமா மாநிலத்தின் தலைநகராகிய மொண்ட்கொமெரிக்கும், கடற்கரைப் பட்டினமாகிய மொபீலுக்கும் ஏறக்குறைய நடுவில், பைன் காடுகளும் பருத்தி வயல்களும் சூழ அமைந்தது. மாவட்டத் தலைமையிடமாதலால் ஊரின் நடுவே ஒரு சதுக்கமும், சதுக்கத்தின் நடுவே ஒரு நீதிமன்றமும் உண்டு. 1903 ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற அந்தச் செங்கற் கட்டடத்தின் உச்சியில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் அமைந்திருக்கின்றது. 1930 ஆம் ஆண்டளவில் இவ்வூரிலே வாழ்ந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரே. இன்றுங்கூட ஆறாயிரம் அளவில்தான். இத்துணைச் சிறிய ஊரை உலகம் அறிந்ததற்குக் காரணம், அங்கே அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த இரண்டு சிறுவர்கள்.

ஒருத்தி, ஊரிலே நியாயவாதியாக விளங்கிய அமாசா கோல்மன் லீ என்பாரின் கடைசி மகள். 1926 ஆம் ஆண்டு பிறந்தவள். பாட்டியின் பெயராகிய எலன் என்பதன் ஆங்கில எழுத்துக்களைத் தலைகீழாக்கி, நெல் என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் உலகம் அறிந்த ஹார்ப்பர் லீ அவளே. மற்றவன் அவளிலும் இரண்டு வயது மூத்தவன்; நியூ ஓர்லியன்சிற் பிறந்தவன்; பெற்றோரின் பிரிவினால் மொன்றோவில்லிலிருந்த தாய்வழி உறவினர் வீட்டில் விடப்பட்டவன். அவனே பின்னாளில் ட்ரூமன் கப்போட்டி என்ற பெயரோடு புகழ்பெற்ற எழுத்தாளன். தெற்கு அலபாமா வீதியில் இருவர் வீட்டுக்கும் இடையே இருந்தது ஒரு மதில் மாத்திரமே. மரத்தின்மீது ஏறி அமர்ந்து கதைகள் புனைந்தார்கள். பழைய தட்டச்சுப் பொறி ஒன்றில் அவற்றை அடித்துப் பார்த்தார்கள். இருவரும் ஊரை விட்டு நீங்கிய பின்னர், ஒருவரை ஒருவர் தம் நூல்களிற் பாத்திரமாக்கினார்கள் என்பது சுவையான செய்தி. கப்போட்டியின் 1948 ஆம் ஆண்டு நாவலில் வரும் ஆண்பிள்ளை போன்ற சிறுமி நெல். ஹார்ப்பர் லீயின் நாவலில் வரும் கற்பனை மிகுந்த விருந்தாளிச் சிறுவன் கப்போட்டி.

அந்த உறவினர் வீட்டில் முதிர்ந்த பெண்ணொருத்தி இருந்தார். வயதிலே பெரியவர், மனத்திலே குழந்தை. தனித்து விடப்பட்ட சிறுவனுக்கு அவரே தோழி. நத்தார் காலம் நெருங்கும்போது இருவரும் சேர்ந்து பழக் கேக்குகள் செய்து, தமக்கு அறிமுகமில்லாதவர்க்குங்கூட அனுப்பி வைத்ததை, 1956 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சிறுகதையிற் கப்போட்டி எழுதியிருக்கிறார். நியூயோர்க்கின் ஆரவாரத்தில் வாழ்ந்த அம்மனிதருக்கு அன்பு என்றாலே நினைவிற் தோன்றியது அலபாமாவின் ஒரு சமையற் கூடந்தான்.

ஹார்ப்பர் லீ நியூயோர்க்கில் இருந்துகொண்டு தம் ஊரை எழுதினார். ‘ரு கில் எ மொக்கிங்பேட்’ என்ற அந்த நாவல் 1960 ஆம் ஆண்டு வெளிவந்தது. மறு ஆண்டே புலிற்சர் பரிசு பெற்றது. மொக்கிங்பேட் என்பது பிற பறவைகளின் குரலையெல்லாம் தன் குரலாக்கிப் பாடும் ஒரு பறவை. எவருக்கும் தீங்கு செய்யாதது. அதனைக் கொல்வது பாவம் என்பது நூலின் உட்கருத்து. ஊருக்கு மேக்கோம் என்று வேறு பெயர் சூட்டியிருந்தாலும், ஒரு வெள்ளைப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்க் குற்றஞ் சாட்டப்பட்ட கறுப்பினத்தவன் ஒருவனுக்காக வாதாடும் நியாயவாதியின் உருவத்தில் ஊரவர்கள் அமாசா லீயையே கண்டார்கள். 1962 இற் திரைப்படம் எடுக்க முற்பட்டபோது, அப்பாத்திரத்தை நடித்த கிரெகரி பெக் ஊருக்கு வந்து முதியவரைச் சந்தித்தார். அதே ஆண்டு முதியவர் காலமானார். அவருடைய சட்டைப்பைக் கடிகாரத்தை மகள் நடிகருக்கு அளித்தார். சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பரிசை அவர் பெற்ற இரவில் அக்கடிகாரம் அவரோடு இருந்தது.

ஆனால், திரைப்படம் மொன்றோவில்லில் எடுக்கப்படவில்லை. கலை இயக்குநர் வந்து பார்த்தபோது, 1930 களின் ஊர் அங்கே இருக்கவில்லை. ஆகவே வீதியையும் வீடுகளையும் ஹொலிவூட்டிலே கட்டினார்கள். நீதிமன்ற மண்டபத்தையும் அளந்துசென்று அவ்வாறே அமைத்தார்கள். நூலைப் படித்துவிட்டு மேக்கோமைத் தேடி மொன்றோவில்லுக்கு வருகின்ற யாத்திரிகர்களுக்கு இன்றும் இதே அனுபவந்தான். ஹார்ப்பர் லீ பிறந்து வளர்ந்த வீடு இல்லை. அவ்விடத்திலே ஐஸ்கிறீம் விற்கும் சிறு கடையொன்று எழுந்தது. கப்போட்டி வாழ்ந்த வீடு 1940 இல் எரிந்தது. மீண்டும் கட்டப்பட்ட வீடும் பின்னர் இடிக்கப்பட்டது. கல் அடித்தளத்தின் எச்சமும் ஓர் அறிவிப்புப் பலகையும் எஞ்சியுள்ளன. ஏமாற்றத்தோடு நிற்கும் யாத்திரிகர்கள் கடைசியிற் செல்லுமிடம் அந்தப் பழைய நீதிமன்றம். அது இன்று ஒரு நூதனசாலை.

இந்த யாத்திரிகர்களிடமிருந்து தம் ஊர்ப் பெண்ணைக் காத்தவர்களும் ஊரவர்களே. பிற்காலத்தில் அவர் பெரும்பாலும் இங்கேயே தங்கியிருந்தார். காப்பி அருந்தப் போவார். வாத்துக்களுக்கு இரை போடுவார். அவர் வீடு எங்கே என்று அந்நியர் கேட்டால், பலர் தெரியாதவர்போல் இருந்துவிடுவர். சிகாகோ நகரப் பத்திரிகையாளர் ஒருவர் 2004 ஆம் ஆண்டில் அயல்வீட்டிலே குடியேறிப் பின்னர் நூலும் எழுதினார். ஆனால் அந்நூலுக்குத் தாம் இசைவு அளிக்கவில்லை என்று ஹார்ப்பர் லீ அறிக்கை விடுத்தார். விருந்தினரின் நினைவும் விருந்தோம்பியவரின் நினைவும் ஒன்றாக அமைவதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1990 களின் தொடக்கம் முதல் ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஊரவர்கள் இந்நாவலை நாடகமாக நடித்து வருகின்றனர். நடிகர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஊரிலே வெவ்வேறு அலுவல் பார்ப்பவர்கள். முதற்பகுதி நீதிமன்றத்தின் வெளியே புற்றரையில் நடைபெறும். விசாரணைப் பகுதி உள்ளே, உண்மையான மண்டபத்திலே நடைபெறும். இடைவேளையில், சபையினரிடமிருந்து பன்னிரண்டு பேர் யூரிமாராகப் பெயர் சொல்லி அழைக்கப்படுவார்கள். அக்காலத்து வழக்கப்படி, பன்னிருவரும் வெள்ளையராயும் ஆடவராயும் இருத்தல் வேண்டும். மேல்மாடம் கறுப்பினத்தவர்க்கு உரியது. குற்றமற்றவன் குற்றவாளியென ஒவ்வோர் இரவும் தீர்க்கப்படுகின்றான். ஜெருசலேமுக்கும் இங்கிலாந்துக்கும்கூட இந்நாடகத்தைக் கொண்டு சென்றிருக்கிறார்கள். 1997 இல் மாநிலச் சட்டசபை மொன்றோவில்லை அலபாமாவின் இலக்கியத் தலைநகர் என அறிவித்தது.

இதுவரை நான் கூறியவை கீழ்த்தளத்தில் அமர்ந்திருந்தவர்களின் நினைவுகள். நேயர்களே, இனி மேல்மாடத்தை நோக்குவோம்.

1919 ஆம் ஆண்டிலே, இளம் நியாயவாதியாக இருந்த அமாசா லீ, ஒரு வெள்ளைக் கடைக்காரரைக் கொன்றதாகக் குற்றஞ் சாட்டப்பட்ட கறுப்பினத் தந்தைக்கும் மகனுக்கும் வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டனர். 1933 ஆம் ஆண்டில் வோல்டர் லெட் என்ற கறுப்பினத் தொழிலாளி, ஒரு வெள்ளைப் பெண்ணைக் கெடுத்தாரெனக் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவர் குற்றவாளிதானா என்ற ஐயம் ஊர்ப் பெரியவர்கள் சிலரையே வருத்த, அவர்கள் ஆளுநருக்கு விண்ணப்பஞ் செய்தனர். தண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. ஆனால், மரணத்தை எதிர்நோக்கிய சிறைக் கூடத்தில் அவருடைய சித்தம் ஏற்கெனவே கலங்கிவிட்டது. 1937 இற் காசநோயால் இறந்தார். அக்காலத்தில் ஊர்ப் பத்திரிகையின் ஆசிரியர் அமாசா லீயே. லெட்டின் வழக்கு நடந்தபோது நெல்லுக்கு ஏழு வயது. நாவலின் வேர் இவ்விடத்திலேதான் உள்ளது எனப் பலர் கருதுவர்.

நாவலில் வரும் நியாயவாதி ஓர் இலட்சிய புருடர். ஆனால், அதற்கு முன்னரே எழுதப்பெற்று 2015 இல் வெளிவந்த ‘கோ செற் எ வொச்மன்’ என்ற மற்றைய நூலில், அதே மனிதர் இனப்பிரிவினையை ஆதரிக்கும் சபையில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். வாசகர் பலர் மனம் வருந்தினர். மகளின் நினைவிலே தந்தையின் இரண்டு உருவங்களும் இருந்திருக்கின்றன. உலகம் விரும்பியது ஒன்றை மாத்திரமே.

இவ்வூரிற் பிறந்த இன்னோர் எழுத்தாளரும் உண்டு. சிந்தியா டக்கர் என்ற பத்திரிகையாளர் 1955 இல் இங்கே ஒரு கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தவர். 2007 இற் புலிற்சர் பரிசு பெற்றவர். பாடசாலைகளிற் பிரிவினை கூடாதென 1954 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தபோதும், அவர் சிறுமியாகப் படித்த காலத்தில் இப்பகுதியின் பாடசாலைகள் நிறத்தால் பிரிந்தே இருந்தன. ஒரே சிற்றூர் இருவேறு காலங்களில் இரண்டு புலிற்சர் எழுத்தாளர்களைத் தந்தது. ஆயினும் அவ்விருவரும் சிறுமிகளாக ஒரே காலத்தில் வாழ்ந்திருந்தால், ஒரே வாங்கில் அமர்ந்திருக்க இயலாது.

பழங்கதை என்று இதனை ஒதுக்கிவிடவும் முடியாது. 1986 நவம்பர் மாதத்தில் மொன்றோவில்லிலே, சலவைக் கடையொன்றிற் பணிபுரிந்த இளம் வெள்ளைப் பெண் கொலையுண்டாள். மறு ஆண்டு, மரம் வெட்டும் தொழில் செய்த வோல்டர் மக்மிலியன் என்ற கறுப்பினத்தவர் கைது செய்யப்பட்டார். கொலை நடந்த வேளையிலே அவர் தம் வீட்டில், தேவாலயத்துக்காக மீன் பொரித்து விற்றுப் பணஞ் சேர்த்த உறவினர் நடுவே இருந்தார். கண்டவர் பலர், அனைவரும் கறுப்பினத்தவர். அவர்களின் சாட்சியம் எடுபடவில்லை. 1988 இல் நடைபெற்ற விசாரணை இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. யூரிமார் ஆயுட்சிறையைப் பரிந்துரைக்க, நீதிபதி அதனை மீறி மரணதண்டனை விதித்தார்.

பிரயன் ஸ்டீவன்சன் என்ற இளம் நியாயவாதி அவ்வழக்கை ஏற்றார். புகழ்பெற்ற நாவலின் ஊர் இதுவென்று தமக்குப் பெருமையோடு சொல்லப்பட்டதையும், அந்நாவலின் படிப்பினையை அவ்வழக்கிலே காண முடியாமற் போனதையும் அவர் 2014 இல் எழுதிய நூலிற் குறிப்பிட்டிருக்கின்றார். 1992 ஆம் ஆண்டில் அயல் மாவட்டத்து நீதிமன்றில் மீள்விசாரணை நடந்தபோது, மொன்றோவில்லின் கறுப்பின மக்கள் திரளாகச் சென்று அமர்ந்தார்கள். இரண்டாம் நாள், வாயிலிலே ஒரு பெரிய நாய் நிறுத்தப்பட்டிருந்தது. முதிய பெண்ணொருவர் அதனைக் கண்டதும் நடுங்கி நின்றார். 1965 இற் செல்மா நகரிலே வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள்மீது ஏவப்பட்ட வன்முறையின் நினைவு அவரை மேலே செல்ல விடவில்லை, கண்ணீரோடு திரும்பிவிட்டார். அன்றிரவு முழுவதும் இறைவனை வேண்டினார். மறுநாள் நன்கு உடுத்து வந்து, நாயைத் தாண்டி நடந்து, மண்டபத்தின் நடுவே நின்று, தாம் வந்துவிட்டதை எல்லாரும் கேட்க உரத்துச் சொன்னார்.

முக்கிய சாட்சி தான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டான். 1993 மார்ச் மாதத்தில் மக்மிலியன் விடுதலையானார். சிறையிற் கழிந்தவை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். நாடகத்திற் குற்றமற்றவனை ஒவ்வோர் இரவும் இழந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஊர் உண்மையிலே ஒருவரை மீட்டுக்கொண்டது. அவர் 2013 இற் காலமானார்.

நேயர்களே, பழைய நினைவுகளைப் பொய்யென்று தள்ளுவது என் நோக்கமன்று. பழக் கேக்கு வேகும் சமையற் கூடமும், மரத்தின்மீது அமர்ந்த சிறுவரும் மெய்யே. நாயைக் கண்டு நடுங்கிய முதியவளின் நினைவும் அதேயளவு மெய்யே. ஊரை நினைவுகூர்வோர் ஒன்றுகூடும்போது, கீழ்த்தளத்திலிருந்தோரின் கதைகள் இயல்பாகவே முதலில் வரும். அவை இனிமையானவை, சொல்வதற்கு எளியவை. மேல்மாடத்திலிருந்தோரின் கதைகள் பிந்தி வரும். சிலவேளை வாராமலே போய்விடும். இருதிறத்தாரும் பேசி, இருதிறத்தாரும் கேட்கும் நாளிலேதான் ஓர் ஊர் தன்னை முழுதாக நினைவுகூர்ந்தது எனலாம். மொன்றோவில் நீதிமன்றத்தின் மேல்மாடத்துக்கு இன்று எவரும் ஏறிச் செல்லலாம். அங்கிருந்து நோக்கினால், கீழே நடப்பவை அனைத்தும் தெளிவாகத் தெரியும்.