நீரரண் சூழ்ந்த நகரம்

நம் முன்னோர் அரண்களை நான்காக வகுத்து, நீரரணை அவற்றுள் ஒன்றாக வைத்தனர் என்பது மாணவ நண்பர்களாகிய உங்களுக்குத் தெரிந்ததே. அதனைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு எனக்கு நெதர்லாந்து நாட்டின் தென்பகுதியில் கிட்டியது. டென் பாஸ் என்று மக்கள் சுருக்கமாக அழைக்கும் பழைய கோட்டை நகரம் அது. அதன் முழுப்பெயருக்குக் 'கோமகனின் காடு' என்பது பொருள். பெயரளவில் காட்டரண், காத்து நின்றதோ நீர்.

டோமல், ஆ என்னும் இரண்டு ஆறுகள் அங்கே கூடி, டீஸெ என்ற பெயருடன் மாஸ் பேராற்றை நோக்கிச் செல்கின்றன. 'ஆ' என்றால் நமக்குப் பசு. அவர்களுடைய பழைய மொழியிலோ நீர். நகரைச் சுற்றிலும் சதுப்பு நிலம். பீரங்கியை இழுத்துக்கொண்டு எந்தப் படை அதனைக் கடக்கும்? ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்த இந்நகரை டச்சுத் தளபதி மாரிஸ் 1601-லும் 1603-லும் முற்றுகையிட்டு, வெறுங்கையுடன் திரும்பினார்.

1629-இல் அவருடைய தம்பி பிரெடரிக் ஹெண்ட்ரிக் வந்தார். அவர் முதலில் பகையாகக் கருதியது மதிலை அன்று, நீரை. நகரைச் சுற்றி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பி, இரண்டு ஆறுகளையும் வேறு வழியில் திருப்பினார். உள்ளே தேங்கிய நீரைக் காற்றாலைகளும், குதிரைகள் சுழற்றிய பொறிகளும் இறைத்து வெளியேற்றின. பயிருக்கு நீர் இறைப்பதை நாம் அறிவோம். ஒரு நகரைப் பிடிப்பதற்காக இறைத்தவர்கள் இவர்கள். நிலம் காயக் காய, படையின் பதுங்கு அகழிகள் மதிலை நெருங்கின. செப்டம்பர் 14 அன்று நகரம் பணிந்தது.

மதிலுக்குள் இடம் குறைவு. குடிகள் பெருகவே, ஊரினுள் ஓடிய கிளை ஓடைகளின்மீதே வளைவு கட்டி வீடுகளை எழுப்பினார்கள். அவ்வோடைகளில் நான் படகேறிச் சென்றேன். தலையைக் குனிந்துகொள்ளுமாறு படகோட்டி அடிக்கடி எச்சரித்தார். மேலே யாரோ ஒருவருடைய வீட்டுக் கூடம்; கீழே இருளில் எங்கள் படகு! முற்காலத்தில் இந்நீரிலேதான் துணி வெளுத்தனர். கழிவையும் இதிலேதான் விட்டனர். நாளடைவில் ஓடைகள் சாக்கடையாகி நாறின. 1960-களில் அவற்றைத் தூர்த்துவிடவும் எண்ணினார்கள். நல்லவேளை, அந்த எண்ணம் கைவிடப்பட்டது. 1973-இல் தொடங்கிய செப்பனிடும் வேலை கால் நூற்றாண்டு நீடித்தது.

மாஸ் ஆறு வளைந்தும் ஆழம் குறைந்தும் ஓடியமையால், மாஸ்ட்ரிக்ட் நகரிலிருந்து இந்நகர்வரை 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கால்வாய் ஒன்றை 1822 முதல் 1826 வரை வெட்டினார்கள். 1868-இல் புகைவண்டி வந்தது. 1874-இல் கோட்டை என்னும் தகுதி நீங்கியது. பெரிய சரக்குப் படகுகள் ஊருக்குள் நுழையாமல் சுற்றிச் செல்லும் பொருட்டு, 2014-இல் மாக்சிமா கால்வாய் திறக்கப்பட்டது.

தெற்கு மதிலின்மேல் நின்று பார்த்தால், பழைய சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி வீடு எதுவும் எழாமல் இன்றும் விரிந்து கிடக்கிறது. 1995-ஆம் ஆண்டு வெள்ளத்தில் நகரை ஒட்டிய ஏ2 நெடுஞ்சாலையே நீரில் மூழ்கிற்று. ஆறுகள் மிகும்போது நீரை அந்நிலத்தில் தேக்கி ஊரைக் காப்பதே இப்போதைய ஏற்பாடு. நான் கண்ட அன்று அங்கே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.