தாழ்ச்சி என்னும் திறவுகோல்

(நமது பங்கின் ஜூபிலி ஆயத்தத் தியானத்தின் இறுதி மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி நெருங்க நெருங்க நம் கோயிலில் வேலைகள் மும்முரமாகிவிட்டன. கோபுரத்துக்கு வெள்ளையடித்தாயிற்று. பீடத்துக்குப் புது விரிப்பு வந்துவிட்டது. தேருக்கு வர்ணம் பூசியாயிற்று. கல்வெட்டில் யார் பெயர் முதலில் வரவேண்டும், யார் பெயர் அடுத்து வரவேண்டும் என்ற பேச்சு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை. நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கல்வெட்டையே இன்றைய தியானப் பொருளுக்கு வாசலாக வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அலமாரியை நகர்த்துகிறோம். அப்போதுதான் அதன் பின்னால் எத்தனை வருடத் தூசி சேர்ந்திருக்கிறது என்பது தெரிகிறது. ஜூபிலியும் அப்படித்தான். கோயிலைப் புதுப்பிக்கிற நாம், நம் உள்ளத்தின் அலமாரிகளையும் சற்று நகர்த்திப் பார்க்க வேண்டாமா? முதல் நாள் செபத்தைப் பற்றியும், நேற்று குடும்பத்தைப் பற்றியும் சிந்தித்தோம். இன்று தாழ்ச்சி, ஞானம், இருதயம் ஆகிய மூன்றையும் ஒரே நூலில் கோத்துப் பார்ப்போம்.

தாழ்ச்சி என்றால் என்ன? தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஒன்றுமில்லாதவன், நான் பெரும் பாவி" என்று வாயால் சொல்வதா? அப்படிச் சொல்கிறவரிடம், "ஆமாம் ஐயா, நீங்கள் பாவிதான்" என்று ஒருவர் ஒத்துக்கொண்டு பார்க்கட்டும். அந்தக் கணமே தாழ்ச்சி பறந்துவிடும்! பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரை அழைக்கிறோம். அவர்கள் பாதங்களை வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். நாமும் சுத்தமான பாதங்களையே மீண்டும் கழுவுகிறோம். ஆண்டவர் அன்று கழுவியதோ தெருப்புழுதி படிந்த பாதங்களை. சடங்கில் தாழ்ச்சி எளிது. புழுதியில்தான் அது கடினம்.

நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில், இலத்தீன் மொழியில் தாழ்ச்சியைக் குறிக்கும் 'ஹூமிலித்தாஸ்' என்ற சொல், மண்ணைக் குறிக்கும் 'ஹூமுஸ்' என்ற சொல்லோடு உறவுடையது என்று கற்றுக்கொண்டோம். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போதெல்லாம் அந்தப் பாடம் நினைவுக்கு வரும். ஆனால் நம் தாய்மொழியோ இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்லித் தருகிறது. தமிழில் 'தாழ்' என்றால் பணிதல். 'தாழ்' என்றால் கதவின் தாழ்ப்பாளும்தான். தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது? கதவின் உட்புறத்தில். வெளியே நிற்பவர் எவ்வளவு தட்டினாலும், உள்ளே இருப்பவர்தாம் எழுந்து வந்து திறக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

இப்போது நம் புதுவையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். மிஷன் வீதியில் உள்ள நம் மறைமாவட்டத் தலைமைக் கோயிலைச் சம்பா கோயில் என்கிறோம். புனித சின்னப்பரின் பெயரை அயல்மொழியில் 'சாம் பவுலோ' என்று சொன்னதே மக்கள் வாயில் 'சம்பா' ஆயிற்று என்பார்கள். இன்று நாம் காணும் கட்டடம் 1791-இல் முடிந்தது. அதற்கு முன்பிருந்த கோயில், 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கியபோது அழிந்துபோயிற்று.

அந்தப் பழைய கோயிலுக்குள் ஒரு மதில் இருந்தது. வெளியே சுற்றுமதில் அன்று; கோயிலுக்கு உள்ளேயே இருந்த மதில். அதற்கு ஒரு பக்கம் உயர்ந்த சாதியார் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். மறுபக்கம் சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள். ஒரே பீடம், ஒரே அப்பம், நடுவிலே ஒரு மதில்!

இதை நமக்கு எழுதி வைத்தவர் யார் தெரியுமா? பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை இந்நகரில் நடந்தவற்றை நாட்குறிப்பாக எழுதி வைத்தவர். அவர் பெயரால் ஒரு வீதி இன்றும் நம் ஊரில் இருக்கிறது. அவர் கிறிஸ்தவர் அல்லர். நம் வீட்டை வெளியே நின்று பார்த்தவர். வெளியே நிற்பவர் கண்ணுக்கு நம் வீட்டு மதில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, பாருங்கள்!

1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சேரி மக்கள் ஒன்றுகூடிக் கோயிலின் பெரிய சாமியாரிடம் சென்றார்கள். எல்லாரும் ஒரே ஆண்டவரின் மக்களாயிருக்க, நடுவில் இந்தத் தடுப்பு எதற்கு என்று முறையிட்டார்கள். சாமியார் அதைக் கேட்டார். மதிலை இடிக்கச் செய்தார். மதில் விழுந்தது. ஆனால் சினம் எழுந்தது. உயர்ந்த நிலையில் இருந்தோர் எதிர்த்தார்கள். அந்த நாட்களில் ஒரு பெரிய வீட்டுப் பெண்மணி விலையுயர்ந்த உடையும் நகையும் அணிந்து பூசைக்கு வந்தார் என்றும், குருவானவர் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கடுமையாகப் பேசிவிட்டார் என்றும், அதனால் சச்சரவு இன்னும் முற்றிற்று என்றும் அந்த நாட்குறிப்பு சொல்கிறது.

இதில் குருக்களாகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. மதிலை இடித்தது நீதி. அதில் ஐயமே இல்லை. ஆனால் ஒரு பெண்ணைச் சபை நடுவே தலைகுனிய வைத்தது தாழ்ச்சியாகுமா? ஒருவரைத் தூக்கிவிட இன்னொருவரை மிதிக்க வேண்டியதில்லை. கடப்பாரையால் கல்மதிலை இடித்துவிடலாம். உள்ளத்து மதிலுக்கு வேறு கருவி வேண்டும்.

இதைப் படித்தபோது நாம் அந்தக் காலத்து மனிதரைக் குறை சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டோமா? மூடியிருப்போம். ஆனால் ஒரு நாற்காலி நினைவுக்கு வந்து தடுத்தது.

சில வருடங்களுக்கு முன் நம் கோயில் திருவிழாவின்போது முன்வரிசையில் முக்கியஸ்தர்களுக்கென்று துணி போட்ட நாற்காலிகளை வரிசையாக வைத்திருந்தோம். திருப்பலி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும். ஒரு பாட்டி வந்து அதில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். நாமே இறங்கிச் சென்று, "பாட்டி, இது விருந்தினருக்குப் போட்டது, கொஞ்சம் பின்னால் போங்கள்" என்றோம். "முட்டி வலிக்குது சாமி, அதான் கொஞ்சம் உக்காந்தேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து பின்னால் போய்விட்டார். முகத்தில் வருத்தம் இருந்ததா என்றுகூட நாம் பார்க்கவில்லை. அந்த விருந்தினர் கடைசிவரை வரவில்லை. திருப்பலி முழுவதும் பீடத்துக்கு நேர் எதிரே அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. 1745-இல் இருந்தது கல்லால் ஆன மதில். நாம் வைத்தது துணி போட்ட மதில். வேறு வித்தியாசம் இல்லை.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குச் செல்லப் பல மாதங்கள் ஆயின. அந்தத் தாமதமும் நம் அகந்தைதான். கேட்டபோது பாட்டி சிரித்தார். "இதையா சாமி இத்தனை நாளா மனசுல வச்சிருந்தீங்க? நான் அன்னிக்கே மறந்துட்டேன்" என்றார். நமக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஆனால் திண்ணையில் நின்றிருந்த அவருடைய பேத்தி நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. வணக்கம் சொல்லவும் இல்லை. அவள் மறக்கவில்லை.

அன்பர்களே, அந்தப் பாட்டியை நாம் புகழ்ந்துவிட்டு, பேத்திக்குத் தாழ்ச்சி இல்லை என்று சொல்லிவிடலாம். அதுதான் எளிது. ஆனால் அது பொய். பாட்டி மறந்தது அவருடைய பெருந்தன்மை. பேத்தி மறக்காமல் இருந்தது அவளுடைய உரிமை. காலங்காலமாகக் கோயில்களில் தாழ்ச்சியை யாருக்குப் போதித்து வந்திருக்கிறோம்? ஏற்கெனவே பின்னால் நிற்கிறவர்களுக்கு! தாழ்ச்சி என்பது எழுந்து போகச் சொல்லப்பட்டவர் கற்க வேண்டிய பாடம் அன்று. நாற்காலியில் இருப்பவர் கற்க வேண்டிய பாடம். ஆண்டவர் இயேசுவும் விருந்தில் முதலிடம் தேடி ஓடியவர்களுக்குத்தானே கடைசி இடத்தைப் பற்றிச் சொன்னார்? நொண்டிகளுக்கும் ஏழைகளுக்கும் அதைச் சொல்லவில்லை. அவர்களை அழைத்து வந்து உட்கார வைக்கவே சொன்னார்.

இங்கேதான் ஞானம் வருகிறது. சாலமோன் அரசர் இறைவனிடம் நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ கேட்கவில்லை. ஞானத்தைக் கேட்டார் என்று நமக்குத் தெரியும். ஆனால் எபிரேய மூலத்தின்படி அவர் கேட்டது செவிசாய்க்கும் இருதயம். ஞானம் தலையில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். வேதாகமமோ அது காது உள்ள ஓர் இருதயம் என்கிறது! அக்டோபர் மாதத்தில் அந்தச் சாமியார் செய்த முதல் ஞானமான செயல் மதிலை இடித்தது அன்று. முறையிட வந்தவர்களை உட்கார்ந்து கேட்டதுதான். நாமும் அந்தப் பேத்தியின் மௌனத்தைக் கேட்டிராவிட்டால், பாட்டியின் மன்னிப்பை வாங்கிக்கொண்டு திருப்தியாக வீடு திரும்பியிருப்போம்.

அதே 1745-ஆம் ஆண்டு, தெற்கே வடக்கன்குளத்தில் மே மாதம் 14-ஆம் நாள் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டப் பிள்ளை. குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமை ஏற்ற டி லனாய் வழியாக விசுவாசத்தை அறிந்தவர். தேவசகாயம் என்ற பெயர் பெற்றார். அரண்மனைச் செல்வாக்கு உள்ளவர். உயர்ந்த குலம் என்று உலகம் மதித்த குலத்தில் பிறந்தவர். அவரோ எல்லாரோடும் சமமாகப் பழகத் தொடங்கினார். எருமை மீது ஏற்றி ஊர் ஊராய் அவரை அவமானப்படுத்தினார்கள். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ஆம் ஆண்டு மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. நாற்காலியிலிருந்து தாமே எழுந்தவர் அவர். ஆனால் பாருங்கள், அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்திலும் பிற்காலத்தில் கோயிலுக்குள் சாதி மதில் எழுந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. புனிதர் நடந்த மண்ணில்கூட மதில் முளைக்கும் என்றால், நம் மண்ணில் முளைக்காதா?

இதெல்லாம் பழைய கதை என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். நம் திருச்சபைக்குள் சாதி வேற்றுமை இன்னும் இருக்கிறது என்பதை இந்திய ஆயர் பேரவையே 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வதும் தாழ்ச்சியின் முதல் படிதான். ஆனால் படியிலேயே நின்றுவிட்டால் வீட்டுக்குள் போக முடியாது. பெண் பார்க்கும்போதும், கல்லறையில் இடம் கேட்கும்போதும், தேரின் வடத்தை யார் முதலில் பிடிப்பது என்று பார்க்கும்போதும் நம் உள்ளத்தில் எழும் அந்த முதல் நினைவு எது? அதுதான் நம் மதில்.

கடைசியாக இருதயத்துக்கு வருவோம். நம் ரயிலடிக்கு அருகில் நிற்கும் திரு இருதய ஆண்டவர் கோயில் 1907-இல் மந்திரிக்கப்பட்டது. 2011-இல் பசிலிக்கா ஆயிற்று. முதல் வெள்ளிதோறும் திரு இருதயத்துக்கு முன் முழந்தாளிடும் மக்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தப் படத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மற்றவர்களுக்கெல்லாம் இருதயம் மார்புக்குள்ளே மறைந்திருக்கிறது. ஆண்டவருக்கோ அது வெளியே தெரிகிறது. அதுவும் ஈட்டியால் திறக்கப்பட்ட இருதயம். அந்த வாசலுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. சாந்தத்தையும் தாழ்ச்சியையும் தம்மிடம் கற்றுக்கொள்ளச் சொன்னவர், அதற்குரிய பாடசாலையாகத் தம் இருதயத்தையே காட்டினார். கதவைத் திறந்தே வைத்திருப்பவரிடம்தான், திறப்பது எப்படி என்று கற்க முடியும்.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் மூன்று சிறிய காரியங்களைச் செய்வோம். முதலாவது, கோயிலில் நமக்கென்று பழகிப்போன இடத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால், முகம் சுளிக்காமல் தள்ளி உட்காருவோம். முன்வரிசை இனி முட்டி வலிக்கிறவர்களுக்கு. விருந்தினர் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே அமரட்டும். இரண்டாவது, நம்மால் மனம் புண்பட்ட ஒருவரைத் தேடிச் செல்வோம். அவர் மன்னித்தால் நன்றி சொல்வோம். மன்னிக்க மனம் வராவிட்டால், தாழ்ச்சி இல்லாதவர் என்று அவரைத் தீர்ப்பிடாமல், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்புவோம். மூன்றாவது, அந்தக் கல்வெட்டு. அதில் ஒரு பெயரும் வேண்டாம் என்று பங்குப் பேரவை முன் வைக்கப் போகிறோம். 'இப்பங்கின் மக்கள்' என்ற இரண்டு சொற்கள் போதும். அதில் நம் பெயரும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லும்போது நமக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது!

அந்தப் பேத்தி இப்போது ஞாயிறுதோறும் பூசைக்கு வருகிறாள். கோயிலின் கடைசியில், வாசலோரம் நிற்கிறாள். இன்னும் நம்மிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்தவும் முடியாது. தாழ்ப்பாள் நம் பக்கம் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக் காத்திருப்பதே நம் கடமை.

தம் சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் நம் உள்ளத்தின் தாழைத் திறந்து, செவிசாய்க்கும் இருதயத்தை நமக்குத் தந்தருள்வாராக. தாழ்ச்சி நிறைந்த தேவ அன்னை நமக்காக வேண்டிக்கொள்வாராக.

ஆமென்.