தாயின் காணியும் பிள்ளையும்



மிஷன் பாடசாலையிலே மோசேயின் பத்துக் கட்டளைகளை மனனம் செய்தோம். கோப்பாயில் நம் வளவுகளை ஆளும் தேசவழமையை ஒருவரும் படிப்பிக்கவில்லை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து முடித்த அந்நூல், தாயிழந்த பிள்ளையை மறக்கவில்லை. தகப்பன் மறுமணம் செய்தால், தாயைப் பெற்றோர் பிள்ளையை ஏற்பது வழக்கம். தாயின் சீதனம் முழுவதையும், தேடிய தேட்டத்திற் பாதியையும் பிள்ளையோடு அவன் ஒப்படைத்தல் வேண்டும். வெறுங்கையோடு அனுப்ப இயலாது. எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

ஆனால் தாய் உயிரோடிருக்கக் கணவன் கைவிட்டுப் போனால்? விவாகரத்துக்கு 1907ஆம் ஆண்டுப் பொதுச்சட்டம். தேசவழமை அங்கே பேசாது. காணியிலோ அது விடாது. தன் சீதனக் காணியை விற்கவும் ஈடுவைக்கவும் மனைவி கணவனின் எழுத்துச் சம்மதம் பெறவேண்டுமென விதித்தது 1911ஆம் ஆண்டுச் சட்டம். ஓடிப்போனவனிடம் கைச்சாத்து வாங்குவதெங்ஙனம்? 2009இல் போர் முடிந்த பின்னும், கணவன் உயிரோடுளனோ என்றறியாத பெண்கள் நம் வடக்கிலே எத்தனை பேர்! கைவிட்டவன், இருப்பிடந் தெரியாதவன் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க அதே சட்டம் வழி வைத்தது. இதனைப் பலர் அறியார். மாப்பிள்ளையாகப் போகும் நாமும் அறியோம்.

சீதன உறுதி எழுதும் நாளில், மணமகளையும் அருகிருத்தி இவற்றை விளக்குமாறு பெரியோர்கள் நொத்தாரிசைக் கேட்பார்களா?