ஏட்டில் கண்ட பாட்டனார்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளில் இறப்பைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று நானும் தயங்கினேன். "உங்கள் பாட்டனாரைத் தேடிய கதையைச் சொல்லுங்கள், பலருக்கும் பயன்படும்" என்று நம் செயலாளர் வற்புறுத்தியதால் துணிந்து நிற்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ரயில்வே குமாஸ்தா நான். சொல்லழகு அறியேன், நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன்.

என் பாட்டனார் இந்தக் கரக்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். வங்காள நாகபுரி ரயில்வே காலத்தில் சேர்ந்து, 1955 ஆகஸ்டு முதல் தேதி தென்கிழக்கு ரயில்வே உருவான பின்னர் ஓராண்டு உழைத்தார். 1956இல் பாட்டியார் பிரசவத்திற்காகத் தாய்வீடு சென்றிருந்த சமயத்தில், காய்ச்சல் கண்டு இங்கேயே காலமானார். ஊருக்குத் தந்தி போயிற்று. பச்சைக் குழந்தையோடு பாட்டியாரால் இவ்வளவு தூரம் வர இயலவில்லை. என் தகப்பனாருக்கு அப்போது ஆறு வயது. எங்கள் குல வழக்கம் உடலைப் புதைப்பது. மகன் ஒரு பிடி மண்ணாவது இடவேண்டும். இடாமற்போன அந்த ஒரு பிடி மண், என் தகப்பனாரின் நெஞ்சில் ஆயுள் முழுவதும் கனத்துக்கொண்டிருந்தது.

2023இல் எனக்கு இவ்வூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மற்றவர்கள் வீடு கிடைக்குமா, பள்ளிக்கூடம் கிடைக்குமா என்று கேட்டார்கள். தகப்பனார் மட்டும், "என் அப்பா அந்த ஊரிலேதான் இருக்கிறார். எந்த இடத்தில் என்று பார்த்துச் சொல்லப்பா" என்றார்.

எங்கிருந்து தொடங்குவது? எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. துன்முகி வருஷம், ஆடி அமாவாசை, திங்கட்கிழமை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியார், தம் கடைசி ஆடி வரையில் அந்தத் திதியைத் தவறவிட்டதில்லை. எங்கள் ஊர்ச் சோதிடர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, அது 1956 ஆகஸ்டு 6ஆம் தேதி என்று கணக்கிட்டுச் சொன்னார். கிழமையும் ஒத்து வந்தது. பாட்டியார் வைத்த திதியே எங்களுக்கு முதல் தஸ்தாவேஜு ஆயிற்று.

தேதியோடு பதிவு அலுவலகம் சென்றேன். இறப்பைப் பதிவு செய்வது நேற்று வந்த ஏற்பாடு அன்று. வங்காளத்தில் 1873இலேயே அதற்கொரு சட்டம் உண்டு. பின்னர் 1969இல் நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் வந்தது. அச்சட்டப்படி, உரிய கட்டணம் செலுத்தி எவரும் பதிவேட்டில் தேடச் சொல்லலாம், நகலும் பெறலாம். ஆனால் அந்த நகலில் மரணத்தின் காரணத்தைக் காட்டமாட்டார்கள்.

முதல் முறை, "அப்படியொரு பெயர் இல்லை" என்று விடை வந்தது. இரண்டாம் முறையும் அதுவே. நான் மனம் தளர்ந்து தகப்பனாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் ஒரு தபால் வந்தது. பாட்டியாரின் தகரப் பெட்டியில் கிடந்த பிராவிடண்டு பண்டுச் சீட்டு ஒன்று அதற்குள் இருந்தது.

அதைக் கண்டதும் விஷயம் விளங்கிவிட்டது. வங்காள மொழியில் நம் 'வ' ஒலிக்குத் தனி எழுத்து இல்லை. 'வேலு' என்று நாம் சொன்னால், 'பேலு' என்று எழுதிக்கொள்வார்கள். 'வ'வில் தொடங்கும் என் பாட்டனாரின் பெயரும் சீட்டில் அப்படியே மாறியிருந்தது. போதாக்குறைக்கு, நாம் முதலெழுத்தாக முன்னே வைக்கும் தகப்பன் பெயர், குடும்பப் பெயர்போல் பின்னே போயிருந்தது. பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். லேபிளில் ஓரெழுத்து மாறினால் மூட்டை எந்த ஊருக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். மனிதனுக்கும் அதே கதிதான்!

சீட்டில் கண்ட எழுத்துப்படியே மூன்றாம் முறை விண்ணப்பித்தேன். இறந்த நாளை மட்டும் பாராமல், அதற்குப் பின் வந்த பக்கங்களையும் பார்க்கும்படி வேண்டினேன். பதிவேடு, தகவல் வந்து சேர்ந்த வரிசையில் எழுதப்படுவது அல்லவா? ஒரு வாரம் தள்ளி அந்த வரி கிடைத்தது. ஆண், வயது 40, மதராஸி, ஆஸ்பத்திரியில் மரணம். உண்மையில் அவருக்கு வயது 34. சொன்னவர் உத்தேசமாகச் சொல்லியிருக்கிறார். வீட்டார் அருகில் இருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்கள்.

இறந்த இடம் தெரிந்தது. புதைத்த இடம் தெரியவில்லை. இறப்புச் சான்று அதைச் சொல்லாது. அதற்கு இடுகாட்டின் கணக்கைத்தான் பார்க்கவேண்டும். ஊர்ப்புறத்து இடுகாட்டில், காவலர் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஆகஸ்டு 7ஆம் தேதி, அதே பெயர், ஒரு வரிசை எண். 'உடலைக் கொண்டுவந்தவர்' என்ற இடத்தில் தெலுங்கில் ஒரு கையொப்பம். அவர் யாரென்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் தகப்பனார் இடவேண்டிய மண்ணை, ஒர்க்‌ஷாப்பில் உடன் வேலை பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் இட்டிருக்கிறார்.

2024 பிப்ரவரியில் தகப்பனாரை அழைத்து வந்தேன். கல் இல்லை; மேடும் இல்லை. வடக்குச் சுவரை ஒட்டிய அந்த வரிசையைக் காவலர் காட்டினார். அதற்குமேல் எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. தகப்பனார் ஊரிலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த வயல் மண்ணை அந்த வரிசை நெடுகத் தூவினார். "எல்லாரும் நம்மவர்கள்தானே" என்றார். பிறகு அந்தத் தெலுங்குக் கையொப்பத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று கேட்டுப் பார்த்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்பர்களே, பிழைப்புக்காக வந்த ஊரில் நம் காலனிதான் நமக்கு உற்றார். ஆகவே மூன்று விண்ணப்பங்களைச் செய்துகொள்ளுகிறேன்.

முதலாவது, வீட்டில் மரணம் நேர்ந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் காரியம் நடவாது. ஓடும் வண்டியில் மரணம் நேர்ந்தால், வண்டியின் பொறுப்பாளர் அது நிற்கும் முதல் இடத்தில் தகவல் தரவேண்டும் என்பதை ரயில்வேக்காரர்களான நாம் மறத்தலாகாது.

இரண்டாவது, பெயரை எழுதிக் காட்டுங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள். இறந்தவரின் ஆபீஸ் காகிதங்களில் எந்த எழுத்தில் பெயர் உள்ளதோ, அதே எழுத்தில் பதியச் செய்யுங்கள். இன்று எல்லாம் கணிப்பொறியில் ஏறுகிறது. ஆனால் கணிப்பொறியும் நாம் கொடுத்த பெயரைத்தான் திருப்பித் தரும்.

மூன்றாவது, நம் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். காலனியில் மறைந்தவரின் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், தேதி, திதி, பதிவு எண், அடக்கம் செய்த அல்லது தகனம் செய்த இடம், உடன் நின்றவர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதுவோம். அந்தப் புத்தகத்தின் விலையை நான் தருகிறேன்.

நாளை எவனோ ஒரு பேரன் எங்கிருந்தோ வந்து கேட்பான். அவனுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு வரியாவது இருக்கட்டும்.