தண்டவாளம் யார் கையில்?



விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் உளுந்தூர்பேட்டை வழியாகப் போகிறது. தெற்கே விருத்தாசலத்தில் சேலம் பாதை அதனுடன் சேர்கிறது. இந்தச் சேலம் பாதை நூறு ஆண்டு முன்னதாக வந்திருந்தால் பரங்கிப்பேட்டையின் கதை வேறாகியிருக்கும்.

1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். கம்பெனி பணம் கொடுத்து உதவியது. கனிமம் சேலத்து மலைகளிலிருந்து வந்தது, தரத்தில் குறையில்லை. வந்த வழிதான் சிக்கல்: பரிசல், மாட்டுவண்டி. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் கலக்கும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில்தான் கடலில் விழுகிறது. கோடையில் மணலாகக் கிடக்கும் ஆறு ஆண்டு முழுக்கச் சுமை இழுக்குமா? உலைக்கு மரக்கரி வேறு வேண்டும். காடு குறையக் குறைய, கரி வரும் தூரம் கூடியது. ஹீத் லாபம் பார்க்காமலே இங்கிலாந்து திரும்பினார். அங்கே 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய உலோக அறிவைக் குறை சொல்ல வழியில்லை. அவரைக் கவிழ்த்தது சுமைகூலி. 1861இல் ரயில் சேலத்தைத் தொட்டது; தொட்டுவிட்டு மேற்கே பேப்பூருக்குப் போய்விட்டது.

ஹீத்துக்குக் கிடைக்காதது ஆஸ்திரேலியாவின் பில்பராவில் கிடைத்தது. இரும்புக் கனிமத்தை ஏற்றுமதி செய்ய 1938இல் விதித்த தடையை அந்நாடு 1960இல் தளர்த்தியது. ஆளில்லாத செம்மண் வெளியில் பாதை போட அரசு தயாராக இல்லை. சுரங்கம் வேண்டுமா, ரயிலும் துறைமுகமும் ஊரும் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று கம்பெனிகளிடம் ஒப்பந்தம் போட்டது. 1966இல் கோல்ட்ஸ்வொர்தி பாதை ஓடத் தொடங்கியது. பின்னால் வந்த மவுண்ட் நியூமன் பாதை 426 கிலோமீட்டர். அதைப் போட்டவர்களில் டாரஸ் நீரிணைத் தீவுக்காரர்கள் பலர். 1968 மே 8ஆம் தேதி, அந்த வெயிலில், சிலிப்பர் கட்டை மேல் தண்டவாளத்தை இறக்கி ஆணி அறைந்து ஒரே நாளில் 7 கிலோமீட்டர் முடித்தார்கள். பல புத்தகங்களில் கம்பெனி முதலாளிகளின் படம் இருக்கிறது. இவர்களுடைய படத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2001 ஜூனில் மவுண்ட் நியூமன் பாதையை நடத்திய கம்பெனி 682 வேகன்களை 8 எஞ்சின்களுடன் கோத்து ஓட்டியது. ரயிலின் நீளம் 7 கிலோமீட்டருக்கு மேல், ஓட்டியவர் ஒருவர். 2018இல் பக்கத்துக் கம்பெனியான ரியோ டின்டோவின் கனிம ரயிலில் அந்த ஒருவரும் இல்லை. நம்மூர்க்காரர்கள் கைதட்டும் இடம் இது. எனக்கு வேறொன்று முக்கியம்.

ஃபோர்டெஸ்க்யூ என்ற புதிய கம்பெனிக்குப் பில்பராவில் கனிமம் இருந்தது, பாதை இல்லை. மவுண்ட் நியூமன் பாதையில் தன் சரக்கையும் விடச் சொல்லி 2004இல் மனுப் போட்டது. பழைய கம்பெனிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. காத்திருந்து பயனில்லை என்று ஃபோர்டெஸ்க்யூ தனிப்பாதை போட்டு 2008இல் கனிமம் ஏற்றியது. ஏறக்குறைய ஒரே திசையில், ஒரே துறைமுகத்துக்கு, இன்னொரு இரும்புப் பாதை! வேடிக்கை அதோடு தீரவில்லை. 2013இல் பிராக்மன் என்ற சிறிய கம்பெனி வந்து ஃபோர்டெஸ்க்யூவின் பாதையில் இடம் கேட்டது. ஒரு காலத்தில் கதவு தட்டியவர்கள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு நீதிமன்றம் போனார்கள்.

தனியார் பாதை போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் போடாமல் பில்பராவில் ஒரு கல்கூட நகர்ந்திருக்காது. ஆனால் பாதை ஒருவர் கைக்குள் போனபின், அடுத்த மலையில் கனிமம் வைத்திருப்பவன் அவர் தயவில்தான் பிழைக்க வேண்டும். பொதுப் பாதையின் அருமை அங்கே தெரிகிறது.

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் புதிய பாதை போடும் திட்டம் உங்களுக்குத் தெரியும். எத்தனை பாசஞ்சர் விடுவார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். கச்சிராயபாளையம் சர்க்கரைக்கும் மரவள்ளி மாவுக்கும் மக்காச்சோளத்துக்கும் கூட்ஸ் ஷெட் எங்கே, சிறு வியாபாரிக்கும் அங்கே வேகன் கிடைக்குமா என்று மனு எழுதிக் கேளுங்கள்.